பொற்பலகையும் மாற்று மிருதங்கமும்

இசையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பாடியவர் யார், இயற்றியவர் யார், ஆதரித்த அரசர் யார் என்று எழுதிச் செல்வர். அது முறையே. ஆயினும், பாட்டுக்குத் துணைநின்ற கருவிகள் அன்றாடம் எங்கே வைக்கப்பட்டன, மழையினின்றும் வெயிலினின்றும் அவற்றைக் காத்தவர் யார், ஒன்று பழுதுற்ற நாளில் அதன் இடத்தில் எடுத்து வைக்க மற்றொன்று இருந்ததா என்னும் வினாக்களை எழுப்புவோர் சிலரே. இவை சிறிய வினாக்கள் போலத் தோன்றும். ஆனால் ஓர் ஊரில் இசை ஒரு தலைமுறையோடு முடிந்ததா, அடுத்த தலைமுறைக்கும் சென்றதா என்பது பல இடங்களில் இவற்றையே பொறுத்திருந்தது.

இவ்வாண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. நமது சங்கத்தின் ஒத்திகைக் கூடத்தில் உள்ள கருவிப் பெட்டியை இனியும் வைத்துக்கொள்ள வேண்டுமா என்ற பேச்சு அன்பர்களிடையே சில காலமாக நடந்து வருகின்றது. 2020 மார்ச் மாத இறுதியில் நாடெங்கும் கதவுகள் அடைபட்டபோது நம் கூடமும் பூட்டப்பட்டது. பல மாதங்கள் கழித்துத் திறந்து பார்த்தால், மிருதங்கத்தின் தோலைப் பூச்சி அரித்திருந்தது. தம்புராவின் குடத்தில் வெடிப்புக் கண்டிருந்தது. ஆர்மோனியத்தின் துருத்தியை எலி கடித்திருந்தது. அன்று முதல், “கருவி உடையோர் தத்தம் கருவியைக் கொண்டு வரட்டும், சுருதிக்குக் கைப்பேசி போதும், பெட்டிக்கென்று ஒரு செலவு எதற்கு?” என்று கேட்போர் தொகை பெருகியுள்ளது. அவர்கள் கேட்பதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் விடை சொல்லுமுன், நம் முன்னோர் இதே சிக்கலை எவ்வாறு எதிர்கொண்டனர் என்று சற்றே திரும்பிப் பார்த்தல் நலம்.

பாணர் சுமந்த கலப்பை

கலப்பை என்றால் இன்று ஏர் உழும் கருவியே நம் நினைவுக்கு வரும். சங்க இலக்கியத்திலோ அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. கலம் என்பது இசைக்கருவி. கலங்களை இட்டுக் கட்டிய பை கலப்பை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் இக்கலப்பையோடுதான் தொடங்குகின்றது. நன்னன் என்னும் குறுநில மன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர் கூட்டம் முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை முதலிய கருவிகளைப் பைகளில் இட்டுக் காவடியாகக் கட்டித் தோளில் சுமந்து மலைவழி நடக்கின்றது. கார்காலத்துப் பலாமரத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் காய்களைப் போல அப்பைகள் தொங்கின என்கிறார் புலவர் பெருங்கௌசிகனார். இன்றும் மிருதங்கமும் வீணையும் பலா மரத்திலேயே கடையப்படுவதை எண்ணும்போது அவ்வுவமையின் பொருத்தம் நம்மை மகிழ்விக்கின்றது.

இப்பாட்டில் நாம் கருத வேண்டியது ஒன்று. அக்கூத்தர்க்கு நிலையான இடம் இல்லை. உடைமை அனைத்தும் தோளின்மேல். தோளில் சுமப்பவன் இன்றியமையாதவற்றையே சுமப்பான். ஒரு யாழுக்கு இரண்டு யாழ் கொண்டு செல்ல அவனால் இயலுமோ? மாற்றுக்கு ஒன்று வைத்திருத்தல் என்பது, காலை ஓரிடத்தில் ஊன்றியவர்க்கே வாய்க்கும் வசதி.

ஊன்றி வாழ்ந்தோர் வீட்டில் கருவி எவ்வாறு இருந்தது என்பதைச் சிலப்பதிகாரத்தின் கானல்வரிப் பகுதி காட்டுகின்றது. மாதவியின் யாழ் சித்திரம் தீட்டிய துணி உறையுள் வைக்கப்பட்டிருந்தது. வசந்தமாலை அதனை எடுத்து நீட்ட, மாதவி தொழுது வாங்குகின்றாள். பத்தர், கோடு, ஆணி, நரம்பு ஆகிய உறுப்புகளில் குற்றம் உண்டா என்று நோக்கும் முறையும் அங்கே சொல்லப்படுகின்றது. உறை ஒன்று, எடுத்துக் கொடுக்க ஓர் ஆள், வாசிக்குமுன் ஒரு சோதனை: ஒழுங்கான இசைக்கூடத்துக்கு வேண்டிய மூன்றும் அங்கே உள்ளன.

இறைவன் இட்ட பலகை

கருவியைக் காப்பது அதனை வாசிப்பவனின் கடமை என்பதை எவரும் மறுப்பதில்லை. இடத்துக்கும் அக்கடமையில் பங்கு உண்டா என்பதே கேள்வி. இதற்குச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் ஒரு நிகழ்ச்சியை வைத்துள்ளார்.

திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரை ஆலவாய்த் திருக்கோயிலில் யாழ் வாசித்துப் பாடுகின்றார். அப்போது வானில் ஓர் ஓசை எழுகின்றது. தரையின் குளிர்ச்சி தாக்கினால் யாழின் கட்டுத் தளர்ந்துவிடும். ஆதலின் அழகிய பொற்பலகை ஒன்றை இடுக என்பது அதன் கட்டளை. தொண்டர் பொற்பலகை இடுகின்றனர். பாணர் அதன்மேல் இருந்து வாசிக்கின்றார்.

இதனைப் பக்திக் கதையாகப் படித்துச் செல்வோர் பலர். அடியேன் கண்ணுக்கு இதில் அருமையானதொரு நடைமுறை அறிவும் புலப்படுகின்றது. ஈரம் பட்டால் நரம்பின் இறுக்கம் கெடும் என்ற கருவி நுட்பத்தைக் கவிஞர் இறைவன் வாக்காகவே வைத்துவிட்டார். அது மட்டுமன்று. யாழ் பாணருடையது, தரை கோயிலுடையது. தன் தரையின் ஈரத்தால் விருந்தாக வந்த யாழ் கெடக் கூடாது என்று கருதுவது இடத்துக்குரியவர். பலகை இட்டதும் இடத்துக்குரியவர். பாணரே ஒரு பலகையையும் சுமந்து வந்திருக்கலாமே என்று அங்கே எவரும் கேட்கவில்லை.

இசை நடைபெறும் இடம் இசைக்கருவிக்குக் கடன்பட்டது என்னும் இக்கருத்தையே கட்டுரை முழுதும் பற்றிச் செல்ல விரும்புகின்றேன்.

பெரிய கோயிலின் ஏற்பாடு

கவிதையிலிருந்து கல்வெட்டுக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட முதலாம் இராசராசன் செய்த ஏற்பாடு அங்கேயே கல்லில் வெட்டப்பட்டுள்ளது. 1014ஆம் ஆண்டை ஒட்டிய அவனது 29ஆம் ஆட்சியாண்டு வரையில் அமர்த்தப்பட்டோர் அதில் குறிக்கப்பெற்றுள்ளனர். பாடுவோர் 48 பேர். உடுக்கை வாசிப்போர் ஒருவர். கொட்டிமத்தளம் வாசிப்போர் ஒருவர். ஆக 50 பேர். ஒவ்வொருவர்க்கும் நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல்.

கணக்கு எழுதிப் பிழைக்கும் என் போன்றோர்க்கு இக்கல்வெட்டில் மிகவும் பிடித்த பகுதி அதன் பின்வரும் விதியே. இவர்களுள் ஒருவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ, அவரை அடுத்த உறவினர் அப்பணியை ஏற்க வேண்டும். அவ்வுறவினர்க்குத் தகுதி இல்லையேல் தகுதியுடைய வேறொருவரை அமர்த்த வேண்டும். ஆள் மாறினாலும் பங்கு மாறாது, பாட்டு நிற்காது.

தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைப் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொணர்ந்து குடியமர்த்திய மற்றொரு கல்வெட்டு இதனினும் விரிவானது. வங்கியம், உடுக்கை, வீணை, கொட்டிமத்தளம், முத்திரைச் சங்கு என்று கருவி கருவியாக வாசிப்போர்க்குப் பங்கு ஒதுக்கும் அக்கல்வெட்டு அவர்களோடு நின்றுவிடவில்லை. தச்சர்க்கும், கன்னார்க்கும், தையற்காரர்க்கும், கணக்கர்க்கும் அதே பட்டியலில் பங்கு உண்டு. ஆடலும் பாடலும் ஓரிடத்தில் நிலைக்க வேண்டுமாயின், செப்பனிடும் கையும் வரவு செலவு எழுதும் கையும் அருகிலேயே இருத்தல் வேண்டும் என்பதை அன்றே உணர்ந்திருந்தனர். கலைஞனை மட்டும் கொணர்ந்து குடியமர்த்தினால் அது விழா. கைவினைஞனையும் உடன் அமர்த்தினால் அது நிறுவனம்.

தொங்கும் கொத்தும் சுவரின் முளையும்

மாற்றுக்கென ஒன்று வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் மரபில் எவ்வளவு ஆழமானது என்பதற்கு நாகசுரத்தைக் காட்டிலும் சிறந்த சான்று வேண்டா. காவிரிக் கரையில் விளையும் கொறுக்கைத் தட்டையால் ஆன சீவாளி மிக மெல்லியது. எச்சில் ஈரத்தில் சற்று மிகையாக ஊறினாலும் ஒலி மாறும், உலர்ந்தாலும் மாறும், விளிம்பு பிளந்தால் ஒலியே இல்லை. ஆதலின் நாகசுரத்தின் மேற்பகுதியிலிருந்து சில மாற்றுச் சீவாளிகளையும், சீவாளியின் வாயைச் செம்மை செய்யும் ஊசியையும் நூலில் கோத்துத் தொங்கவிடுவர். பார்ப்பவர்க்கு அணிகலன் போலத் தோன்றும் அக்கொத்து, உண்மையில் நடமாடும் பண்டசாலை. நள்ளிரவில் வீதியுலாவில் சீவாளி பிளந்தால் சாமி காத்திராது அன்றோ?

தோளில் தொங்கிய மாற்று, சுவருக்குச் சென்ற இடம் பஜனை மடம். திருவிசைநல்லூர் ஸ்ரீதர ஐயாவாள், கோவிந்தபுரம் போதேந்திரர், மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் ஆகியோர் வழியே தஞ்சைத் தரணியில் பரவிய பஜனை மரபு தெருவுக்குத் தெரு மடங்களை உண்டாக்கியது. அங்கே தம்புரா மூலையில் நிற்கும். மிருதங்கம் உறையிட்டு உயரத்தில் இருக்கும். ஜாலராக்கள் சுவரின் முளையில் தொங்கும். அவை எவர் ஒருவருக்கும் சொந்தமல்ல, மடத்துக்குச் சொந்தம். சனிக்கிழமை மாலை வெறுங்கையோடு வந்த சிறுவன் முளையிலிருந்து ஒரு ஜாலராவை எடுத்துத் தாளம் பழகுவான். கருவி வாங்க வசதியற்ற வீட்டுப் பிள்ளையும் இசைக்குள் நுழைய அந்த முளை ஒரு வாசலாக இருந்தது. அந்நாளில் அவ்வாசல் எல்லாச் சாதியார்க்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் மறைத்தற்கில்லை. நம் சங்கத்தின் கூடம் அக்குறையின்றி எல்லார்க்கும் திறந்திருப்பது பழைய மடத்தினும் நாம் பெற்ற ஏற்றம்.

வடக்கே வந்த பெட்டி

பிழைப்பைத் தேடி விந்தியத்தை நோக்கி வந்த தமிழர் முதலில் கொண்டு வந்தவை ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு படுக்கைச் சுருளுமே. 1929இல் பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே ஓடத் தொடங்கிப் பின்னர் டில்லி–சென்னை வண்டியாக நிலைபெற்ற கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ், நம் நாகபுரி வழியாகச் சென்றதனால் இந்நகரத் தமிழர்க்கு ஊரோடு உறவு அறாமல் இருந்தது. தபால் தந்தித் துறை, கணக்குத் துறை, இருப்புப்பாதைத் துறை என்று பணிக்கு வந்தோர் மாலை வேளையில் ஒருவர் வீட்டுக் கூடத்தில் கூடிப் பாடினர். கருவி வைத்திருந்தவர் மாற்றலாகிச் சென்றால் கருவியும் அவரோடு சென்றது, அக்கூட்டமும் கலைந்தது. பணி மாற்றம் உடையோர் நிறைந்த சமூகத்தில் தனியார் கருவியை நம்பி இசை நிற்க முடியாது என்பதை அக்கால அனுபவம் கற்பித்தது.

இக்குறையை முதலில் தீர்த்து வைத்தது ஆர்மோனியம். 1840களில் பாரிஸ் நகரில் தோன்றிய இக்கருவி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாவில் தரையில் வைத்துக் கையால் துருத்தி இயக்கும் வடிவம் பெற்று, நாடகக் குழுக்களோடும் பஜனைக் குழுக்களோடும் நாடெங்கும் பரவியது. கமகத்துக்கு இடம் தராத கருவி என்று வித்துவான்கள் அதனைக் குறை கூறினர். 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலியில் அதற்கு இடமும் இல்லை. ஆயினும் பொதுக்கூடத்துக்கு வேண்டிய குணங்கள் அதற்கு இருந்தன. நாள்தோறும் சுருதி கூட்ட வேண்டியதில்லை. பலர் கை பட்டாலும் எளிதில் கெடாது. வாசிக்கத் தெரியாதவரும் சுருதியை மட்டும் பிடித்து நிறுத்தலாம். பல சங்கங்களில் பொதுச் சொத்துப் பதிவேட்டின் முதல் வரிகளில் ஆர்மோனியம் இருப்பது தற்செயல் அன்று.

பெரிய சபைகளின் கதையும் இதற்கு வேறானதன்று. பம்பாயில் 1952இல் தோன்றிய சண்முகானந்த சபைக்கு அதன் புகழ்பெற்ற மண்டபம் 1963இல் தான் வாய்த்தது. சங்கம் பிறப்பது எளிது. அதற்கு ஒரு கூரை வாய்ப்பதற்குப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. கூரை வாய்த்த பிறகே கருவியை ஓரிடத்தில் வைத்துவிட்டு நிம்மதியாக வீடு செல்ல இயலும்.

தென்னாட்டுக் கருவி கிட்டாத இடத்தில் அயலார் கைத்திறமும் நமக்கு உதவியது. தஞ்சைத் தம்புராவின் குடம் மரத்தால் ஆனது. மராட்டிய நாட்டு மீரஜ் நகரத் தம்புராவின் குடமோ உலர்ந்த பெருஞ்சுரையால் ஆனது. அங்கே படைக்கலங்கள் செப்பனிட்டு வந்த சிகல்கர் குடும்பத்தார், போர்கள் ஓய்ந்த 19ஆம் நூற்றாண்டில் இசைக்கருவி செய்யும் தொழிலுக்குத் திரும்பினர். வாள் தீட்டிய கை தந்தி கட்டியது. மீரஜ் சிதாருக்கும் தம்புராவுக்கும் 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2013இல் அப்பெருமை பெற்ற தஞ்சாவூர் வீணைக்கு இவை உடன்பிறப்பாயின. மராட்டிய மண்ணில் தமிழ்ப் பாட்டுக்கு மீரஜ் தம்புரா சுருதி கூட்டும்போது, அதனைக் கலப்படம் என்று எவர் கூறுவார்?

ஒரு மிருதங்கம் ஏன் போதாது?

எல்லாக் கருவிகளுள்ளும் மாற்று மிகவும் வேண்டப்படுவது மிருதங்கத்துக்கே. அதன் காரணம் அதன் அமைப்பில் உள்ளது.

பலாமரக் கட்டையின் இரு வாயிலும் தோல் மூட்டுகளைப் பொருத்தி, நீண்ட தோல் வாரால் இழுத்துக் கட்டுவர். வலந்தலையின் நடுவே கரணை இருக்கும். கிட்டக்கல்லின் பொடியைச் சோற்றோடு பிசைந்து, படலம் படலமாக இட்டுத் தேய்த்து, கரணையை உருவாக்குவது நாள் முழுதும் பிடிக்கும் வேலை. இடப்புறத் தொப்பியில் வாசிக்குமுன் ரவைப் பசையை அப்பி, முடிந்தவுடன் சுரண்டி எடுத்துவிடுவர். மரம், தோல், கல், சோறு ஆகிய நான்கும் நான்கு விதமாகத் தட்பவெப்பத்துக்கு இசைவன. மே மாதத்தில் 45 பாகையைத் தொடும் நாகபுரி வெயிலில் தோல் இறுகிச் சுருதி ஏறும். கரணை வெடித்து உதிரும். ஜூன் மாத நடுவில் மழை தொடங்கினால் அதே தோல் தளர்ந்து சுருதி இறங்கும். ஆறு வாரத்துக்குள் இவ்விரண்டு நிலையையும் தாங்கும் கருவி, நன்றாக உழைத்த பிறகு ஒரு நாள் படுத்துவிட்டால் அதனைக் குறை கூறுதல் தகாது.

படுத்த கருவியை எழுப்புவார் இங்கே எளிதில் கிடைப்பதில்லை. மூட்டு மாற்றும் கைவினைஞர் பெரும்பாலும் தெற்கே உள்ளனர். சென்னை இங்கிருந்து ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். அனுப்பி, செப்பனிட்டு, திரும்பப் பெறுவதற்குள் ஒரு விழாக்காலமே கழிந்துவிடும். பார்சல் அலுவலகத்தில் பணியாற்றிய ஆண்டுகளில், வைக்கோல் திணித்த கூடையில் வந்த கடம் சில்லுகளாகி இறங்கியதையும், வாங்க வந்தவர் முகம் வாடியதையும் பலமுறை கண்டிருக்கின்றேன். பெரிய நிலையங்களில் மாற்று எஞ்சின் ஒன்றை நிறுத்தி வைப்பது ஏன் என்று எங்கள் துறையில் எவரும் கேட்பதில்லை. வண்டி நடுவழியில் நின்றால் என்ன நேரும் என்பது அனைவர்க்கும் தெரியும்.

இதனைப் பேசும்போது அக்கைவினைஞரை நினையாதிருத்தல் நன்றி அன்று. பாலக்காடு மணி ஐயரின் பெயரை அறியாத இசை அன்பர் இல்லை. அவருடைய கருவிகளைச் செய்து தந்த தஞ்சாவூர்ப் பர்லாந்து என்பவரை அறிந்தோர் எத்தனை பேர்? தோலைத் தேர்ந்து, பதப்படுத்தி, வாசிப்பவர் காதின் நுட்பத்துக்கு ஏற்ப வார் பிடிக்கும் அறிவு எழுத்தில் இல்லை, கையில் உள்ளது. தோலைத் தொடுவதனால் தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்த அக்கைகளே மேடையில் ஒலிக்கும் நாதத்தைப் படைத்தன. இராசராசன் கல்வெட்டில் தச்சர்க்கும் கன்னார்க்கும் பெயரிட்டுப் பங்கு கொடுத்த மரபு, பின்னாளில் மிருதங்கம் செய்வோரை மேடைக்கு அப்பால் நிறுத்தியது வருந்தத் தக்கது.

மேலும், மாற்று மிருதங்கம் என்பது முதல் மிருதங்கம் கெடும்போது மட்டும் உதவுவதன்று. ஒரு மிருதங்கம் எல்லாச் சுருதிக்கும் இசையாது. ஆண்குரலுக்கு 1 அல்லது 2 கட்டை. பெண்குரலுக்கும் சிறுவர் குரலுக்கும் 5 அல்லது 6 கட்டை. முன்னதற்குத் தக்கு மிருதங்கம். ஏறத்தாழ 24 அங்குலம். பின்னதற்கு எச்சு மிருதங்கம். ஏறத்தாழ 22 அங்குலம். கூடத்தில் தக்கு மிருதங்கம் ஒன்றுதான் உண்டு என்றால் என்ன நடக்கும்? பெண்மணிகள் தம் குரலுக்கு ஒவ்வாத சுருதியில் முனகிப் பாட வேண்டும். அல்லது மிருதங்கம் இன்றிப் பாட வேண்டும். நம் சங்கத்து வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பெண்குழந்தைகள். இரண்டாவது மிருதங்கம் அவர்களுடைய குரலுக்குரிய இடம். அதனை உபரி என்று தள்ளுதல், அக்குரல்களையும் உபரி என்று தள்ளுவதாகும்.

எதிர்வாதமும் விண்ணப்பமும்

சுருதிக்குக் கைப்பேசி போதுமே என்பர். 1970களின் இறுதியில் பெங்களூரில் மின்னணுத் தம்புரா தோன்றியபோதும் இவ்வாறே பேசினர். பயணத்துக்கும் தனிப் பயிற்சிக்கும் அது பேருதவி என்பதை மறுக்கவில்லை. ஆயினும் தம்புராவின் தந்திக்கு அடியில் ஜீவா நூலை மயிரிழை அளவு நகர்த்தி, ஒலி மலரும் இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் குழந்தை, சுருதி என்றால் என்ன என்பதைக் காதால் அறிகின்றாள். பொத்தானை அழுத்தும் குழந்தைக்கு அத்தேடல் இல்லை.

கருவி உடையோர் கொண்டு வரட்டும் என்பர். உடையோர் கொண்டு வருவர். இல்லாதோர் வாராமலே நின்றுவிடுவர். பஜனை மடத்தின் முளையில் தொங்கிய ஜாலரா செய்த தொண்டை இங்கே நினைவுகூர்தல் தகும்.

பூச்சி அரித்து வீணாயிற்றே என்பர். இது ஒன்றே விடை வேண்டிய வாதம். பெட்டி இருந்தமையால் கருவி கெடவில்லை. பெட்டியைத் திறப்பார் இல்லாமையால் கெட்டது. மாற்றுக் கருவி உறங்கக் கூடாது. வாசிக்கப்படாத தோல் வாசிக்கப்பட்ட தோலைக் காட்டிலும் விரைவில் கெடும். ஆதலின் அடியேன் நான்கு விண்ணப்பங்களைச் செயற்குழுவின் முன் வைக்கின்றேன்.

முதலாவது, கருவிகளைத் தரையில் வையாது, ஓர் அடி உயரத்தில், சுவரைத் தொடாத மரப்பலகையின்மேல் வைத்தல் வேண்டும். மழைக்காலத்தில் வேப்பிலையும், கோடையில் பருத்தி உறையும் போதும்.

இரண்டாவது, மாற்றுக் கருவியைப் பிள்ளைகளின் பயிற்சிக்கு முறைவைத்துக் கொடுத்தல் வேண்டும். வாரந்தோறும் ஒரு கை அதன்மேல் பட்டால் பூச்சி அணுகாது, பிள்ளையும் தேறும். கூடம் மீண்டும் நெடுநாள் பூட்டப்படும் நிலை வருமாயின், கருவிகள் உறுப்பினர் இல்லங்களுக்குப் பிரித்தனுப்பப்படட்டும்.

மூன்றாவது, ஒரு பதிவேடு வேண்டும். எந்தக் கருவி எந்த ஆண்டில் வந்தது, மூட்டு எப்போது மாற்றப்பட்டது, தந்தியும் குதிரையும் பிரடையும் எத்தனை கையிருப்பில் உள்ளன, இப்போது யார் கையில் உள்ளது என்று எழுதி வைத்தல் வேண்டும். அதனை எழுதும் பணியை எவரும் விரும்பாராயின், அடியேன் ஏற்கச் சித்தமாயிருக்கின்றேன்.

நான்காவது, ஆண்டுக்கு ஒரு முறை, கோடை முடிந்து மழை தொடங்குமுன், மிருதங்கம் செய்யும் கைவினைஞர் ஒருவரைத் தெற்கேயிருந்து வழிச்செலவும் ஊதியமும் கொடுத்து அழைத்தல் வேண்டும். நம் சங்கத்துக் கருவிகளோடு இந்நகரத் தமிழர் இல்லங்களில் உள்ளனவும் அப்போது செப்பனிடப்படலாம். செலவைப் பகிர்ந்தால் பளு தெரியாது. வித்துவானுக்கு மேடையில் சாத்தும் பொன்னாடையை அன்று அவருக்கும் சாத்துவோமாக.

பாணர்க்கு இடம் இல்லை, தோளில் சுமந்தனர். யாழ்ப்பாணர்க்கு இடம் இருந்தது. அவ்விடம் அவர்க்குப் பலகை இட்டது. பெரிய கோயில் ஆளுக்கு ஆள் மாற்றும், அவர் அருகே கைவினைஞரும் இருக்கக் கண்டது. ஊர்விட்டு ஊர் வந்த நாம் பாணரினின்று தொடங்கினோம். இன்று நமக்கும் ஒரு கூரை உண்டு. கூரை இருந்தும் கலப்பையையே தோளில் சுமப்போம் என்பது நாம் கடந்து வந்த வழியை மறப்பதாகும்.

ஆலவாயில் இறைவன் கேட்டது பொற்பலகை. நம் கூடத்துக்குப் பொன் வேண்டா. தச்சர் இழைத்த ஒரு தேக்கம்பலகை போதும். அதன்மேல் இரண்டு மிருதங்கங்கள் இருக்கட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க இசை!